நான்காவது சுருள்

மாலை ஆறு மணிக்கு ஜெசிந்தாவின் இடது மணிக்கட்டை அவள் கணவன் பிடிப்பான். அந்த நேரத்தில் அவன் இருப்பது இந்தியப் பெருங்கடலின் அடியில், ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், சூரியன் என்று ஒன்று இருப்பதையே அறியாத சேற்றுவெளியில்.

முதலில் இரண்டு சின்னப் பிடிகள். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு ஒரு நீண்ட பிடி.

ராய்ஸ்டன் கையைப் பிடிக்கும் விதமே அதுதான். கல்யாணத்துக்கு முன்பு, தேர்த் திருவிழா நெரிசலில், யாரும் பார்க்காத நொடியில் அவள் கையைப் பற்றியபோதும் இப்படித்தான் பற்றினான். இருக்கிறாயா, இருக்கிறாயா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, இருக்கிறாள் என்று தெரிந்ததும் விட மனமில்லாதவன் மாதிரி. ஜெசிந்தாவும் காப்பின் மேல் விரலை வைத்து அதே தாளத்தில் பதில் சொல்லுவாள். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு எல்லாம் முடிந்துவிடும். மறுநாள் ஆறு மணிவரை அவள் மணிக்கட்டு வெறும் மணிக்கட்டுதான்.

காப்பு என்றால் ஒரு கறுப்பு ரப்பர் பட்டை. நடுவில் ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் தலைமயிரைவிட மெல்லிய ஒரு கரிநூல், ஸ்பிரிங் போலச் சுருண்டு கிடக்கும். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டி, ஜெசிந்தா வேலை பார்த்த தொழிற்சாலையில் அந்தச் சுருள்களை வளர்த்தார்கள். ஆம், வளர்த்தார்கள், அங்கே யாரும் செய்கிறோம் என்று சொல்வதில்லை. நிக்கல் பொடி தூவிய தட்டை உலைக்குள் வைத்து, அசிட்டிலீன் வாயுவைச் செலுத்தி, கூடவே கந்தகம் கலந்த வாயு ஒரு துளி விடுவார்கள். அழுகிய முட்டைக்கோஸ் போல ஒரு வாடை. அது வேலைக்காரர்களின் தலைமுடியில் ஏறி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் கூடவே வரும். ஆனால் அந்த வாடை இல்லையென்றால் நூல் நேராக வளர்ந்துவிடும். நேராக வளர்ந்த நூல் எதற்கும் பதில் சொல்லாது.

இணைமேசையில் ஜெசிந்தாவுக்கு எதிரே உட்காருபவள் முத்துக்கனி. ஜெசிந்தாவைவிட ஆறு வயது மூத்தவள். உப்பளத்தில் வரப்பு மிதித்துவிட்டு நுண்ணோக்கிக்கு வந்தவள். சேர்ந்த முதல் வாரமே அவள் கேட்டாள்.

“ஏட்டி ஜெசி, இந்தக் கரி ஏன் சுருளுது? நேரா வளந்தா என்ன கேடு?”

“வள்ளத்துல ஒரு பக்கத் துடுப்பு வேகமாவும் மறுபக்கத் துடுப்பு மெதுவாவும் போட்டா என்ன ஆவும்க்கா?”

“வட்டமடிக்கும்.”

“அதான். நிக்கல் துகளுக்குப் பல முகம் இருக்கு. ஒரு முகத்துல கரி வேகமா வளருது, இன்னொண்ணுல மெதுவா. அதனால திரும்பித் திரும்பிச் சுருளாயிருது.”

ஒரு துகளிலிருந்து இரண்டு சுருள்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். ஒன்று இடமாகச் சுற்றும், மற்றது வலமாக. நுண்ணோக்கியின் கீழே நடுத்துகளைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைக் கடலுக்குப் போகிறவனின் காப்பிலும் மறுபாதியை வீட்டில் இருப்பவளின் காப்பிலும் பொருத்துவதுதான் இணைமேசை வேலை. அதன் பிறகு இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு கடல் இருந்தாலும், ஒன்றை அமுக்கினால் மற்றது இறுகும். ஏன் என்று உலகத்து விஞ்ஞானிகள் பத்து வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் மேற்பார்வையாளர் திரவியம் சொன்னதுதான்: நாளொன்றுக்குப் பதினைந்து பிடிக்குமேல் கேட்டால் சுருள் களைத்து மரத்துப்போகும், ஆகவே இதில் சேதி அனுப்ப முடியாது, இருக்கிறேன் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

கனி அப்போது சொன்னாள்: “அது போதும்லா. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல இருக்கும்போதே அதுகூடச் சொல்லமாட்டாரு.”

அவள் கணவன் செந்தூர்பாண்டியும் ராய்ஸ்டனும் ஒரே ஆழ்முகாமில் வேலை பார்த்தார்கள். கடலடியில் உருளைக்கிழங்கு போலக் கொட்டிக் கிடக்கும் உலோக உருண்டைகளை எந்திரத்தால் வாரி மேலே அனுப்பும் வேலை. ஒரு தடவை இறங்கினால் ஆறு மாதம். அந்த உருண்டைகளில் இருந்த நிக்கல்தான் பொடியாகி உலைக்கு வந்தது. கீழே புருசன்மார் வாரி அனுப்புவதை மேலே பெண்டாட்டிமார் சுருளாக்கி மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள் என்று உணவறையில் ஒரு கேலி உண்டு.

இணைமேசையில் ஒரு விதியும் உண்டு. சில சமயம் ஒரே துகளிலிருந்து இரண்டுக்குப் பதில் நான்கு சுருள்கள் முளைத்துவிடும். அதற்கு அங்கே பெயர் நாலுகால். நாலுகாலைக் கண்டால் உடனே அமிலக் கிண்ணத்தில் போட வேண்டும். அமிலம் நிக்கலை மட்டும் கரைத்துவிடும். கரிநூல் மிஞ்சும், ஆனால் பேச்சற்றுப் போகும்.

இந்த முறை பதினொரு பேர் இறங்க வேண்டிய நாளுக்கு முந்திய நாள், மழைக்காலத்து ஈரத்தில் உலையில் சுருள் சரியாக விளையவில்லை. ஒன்பது நல்ல இரட்டைகள்தான் தேறின. காப்பு இல்லாமலே இரண்டு பேர் இறங்கட்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பட்டியலில் கடைசி இரண்டு பெயர்கள் ராய்ஸ்டனும் செந்தூர்பாண்டியும். கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு முகம் கழுவப் போனாள். அந்த நேரம் ஜெசிந்தாவின் இடுக்கியின் நுனியில், அமிலக் கிண்ணத்துக்கு ஒரு விரற்கடை மேலே, ஒரு நாலுகால் இருந்தது. அத்தனை அழகான நாலுகாலை அவள் பார்த்ததில்லை. நான்கு சுருளும் ஒரே நீளம், ஒரே நெருக்கம்.

ஆறு மாதம். நூற்று எண்பது மாலைகள்.

அவள் இடுக்கியைத் திருப்பிக் கொண்டுவந்து, துகளை நான்காக வெட்டினாள். கனி திரும்பி வந்தபோது, உலைத்தட்டின் ஓரத்தில் இன்னும் இரண்டு இரட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். கனி அவள் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டாள். பொய்யை அப்படி ஒரு முத்தத்தோடு வாங்கிக்கொண்டபின் உண்மையைச் சொல்ல ஜெசிந்தாவுக்கு வாய் வரவில்லை.

ஆக, நான்கு காப்புகளும் ஒன்றுக்கொன்று உறவாகிவிட்டன. முதல் மாலையே ஜெசிந்தாவுக்கு அது தெரிந்துபோயிற்று. ராய்ஸ்டனின் பிடி வருவதற்கு முன்னால் இன்னொரு பிடி வந்தது. ஒரே ஒரு நீண்ட, கனத்த பிடி. பேசத் தெரியாத மனிதர் ஒருவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. அது செந்தூர்பாண்டி அண்ணாச்சி. அவள் பட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அடுத்த வீட்டு சன்னலைத் தவறிப் பார்த்துவிட்டவள் போல.

கனிக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு வந்த இரண்டு வகைப் பிடியும் தன் கணவனுடையதே என்று நினைத்தாள். மறுநாள் காலையில் மேசைக்கு வந்ததும் பெருமை பேசுவாள். வீட்டில் சோறு போட்டால்கூட நல்லா இருக்கு என்று சொல்லாத மனுசன், கடலுக்கடியில் போனதும் எப்படி மாறிவிட்டார் பார் என்பாள். முதலில் முரட்டுத்தனமாக ஒன்று. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல அந்தக் கொஞ்சலான இரண்டும் ஒன்றும். “அந்த ரெண்டாவதுதாம்ட்டி எனக்கு உசிரு. நானும் இப்ப அப்படித்தான் திருப்பி அமுக்குதேன்” என்று தன் காப்பில் செய்தும் காட்டினாள். நுண்ணோக்கியில் குனிந்திருந்த ஜெசிந்தாவின் மணிக்கட்டு இறுகியது. இரண்டு, ஒரு மூச்சு, ஒன்று. அவள் நிமிரவில்லை.

நான்கு மாதம் இப்படிப் போனது.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கடலடியில் சேற்றுமலை ஒன்று சரிந்தது. தொலைபேசிக் கம்பி அறுந்தது, முகாமுக்கும் மேலே நின்ற கப்பலுக்கும் நடுவே ஆளை ஏற்றி இறக்கிய தூக்கி புதைந்தது. அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அன்று மாலை பதினொரு குடும்பங்களும் தொழிற்சாலை உணவறையில் கூடின. ஆறு மணிக்கு எல்லாரும் அவரவர் இடது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் மணிக்கட்டைத்தான் பார்த்தார்கள்.

ஒன்பது காப்புகள் அசையவில்லை. ஜெசிந்தாவின் காப்பு இறுகியது. கனியின் காப்பும் இறுகியது.

அடுத்த நாள்களில் அந்த இரண்டு பெண்களும் உணவறைக்குள் நுழையும்போதே பேச்சு நின்றது. நாற்காலி தானாக ஒழிந்தது. நான்காம் நாள் மாலை, அருள்மணி என்ற இளைஞனின் அம்மா ஜெசிந்தாவின் அருகில் வந்து உட்கார்ந்து, ஆறு மணிக்கு உன் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். மகனுக்காக அவள் கட்டியிருந்த காப்பு செவ்வாய்க்கிழமையிலிருந்து மரக்கட்டை. ஜெசிந்தா கையை நீட்டினாள். ஆறு மணிக்கு முதலில் ஒரு நீண்ட பிடி. சற்றுப் பொறுத்து, இரண்டு, ஒரு மூச்சு, ஒன்று. அந்த அம்மா தன் மகனே பிடித்தது போல ஜெசிந்தாவின் மணிக்கட்டைக் கண்களில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

அழும் அந்தத் தலைக்குமேலாக ஜெசிந்தா எதிர் மூலையைப் பார்த்தாள். அங்கே கனி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கைவிரல்கள் காப்பை அமுக்கிக்கொண்டிருந்தன. இரண்டு. ஒரு மூச்சு. ஒன்று.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கனி அமுக்கினால் என் கை இறுகும். நான் அமுக்கினால் கனியின் கை இறுகும். கனி சில நாள் கனமாகவும் அமுக்குவாள், சில நாள் கொஞ்சலாகவும் அமுக்குவாள். அப்படியானால் இந்த நான்கு நாளும் என்னைப் பிடித்தது யார்? நாங்கள் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் புருசன் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறோமா? ஒருவேளை கீழே யாருமே இல்லையா?

அவள் அதை இரண்டு நாள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மூன்றாவது நாள் திரவியம் வந்து, மீட்பு உருண்டை என்ற இரும்புக் கூண்டை ஏற்றிய கப்பல் வந்துவிட்டதாகச் சொன்னார். உருண்டையில் நான்கு மீட்பு வீரர்கள் இறங்க வேண்டும். சரிவு இன்னும் அடங்கவில்லை, இறங்குகிறவர்களுக்கும் ஆபத்துதான். ஆகவே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கீழே ஒரே ஒருவர் மட்டும் உயிரோடு என்றால் நான்கு பேரை இறக்கமாட்டார்கள். இரண்டு பேர் என்றால் இறக்குவார்கள். ஆழ்முகாமில் வேலை பார்க்கும் ஒவ்வொருவனும் அந்த விதியைப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறான். நாளைக்கு அதிகாரி ஒருவர் கருவியோடு வந்து, ஆறு மணிக்கு இரண்டு காப்புகளும் இறுகுவதைப் பார்த்துப் பதிவு செய்வார்.

“பயப்படாதீங்க. ரெண்டும் நல்லாத்தான இறுகுது” என்றார் திரவியம்.

அன்று மாலை ஐந்தரைக்கு ஜெசிந்தா கனியை இணைமேசை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். நாலுகாலைப் பற்றிச் சொன்னாள். முகம் கழுவப் போன அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல கனியின் முகம், வெயிலில் உப்புப் பூப்பது போல, மெல்ல மெல்ல வெளுத்தது.

கனி முதலில் கேட்டது உயிரைப் பற்றியல்ல.

“அப்போ அந்த ரெண்டாவது பிடி… அது எங்க வீட்டுக்காரரு இல்லையா?”

ஜெசிந்தா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“நாலு மாசம். தினம் காலையில வந்து ஒங்கிட்ட வாய் கிழியப் பேசுவேன். நீ குனிஞ்சே இருப்ப. உள்ளுக்குள்ள சிரிச்சிருப்ப.”

“சிரிக்கலக்கா.”

“எம் புருசன் எனக்குக் குடுத்ததை நீயும் வாங்கிக்கிட்டு இருந்திருக்க. ஒம் புருசன் ஒனக்குக் குடுத்ததை எனக்குப் பிச்சை போட்டிருக்க. ரெண்டுல எது பெரிய பாவம்னு சொல்லு பாப்போம்.”

ஜெசிந்தா சன்னல் பக்கம் திரும்பினாள். சன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் மஞ்சள் வெயிலில் நின்றன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கனிக்கு மற்றது உறைத்தது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“அப்போ நம்ம ரெண்டு பேரும்தான் அமுக்கிக்கிட்டு இருக்கமோ? கீழ யாரும் இல்லையோ?”

“தெரியலக்கா. அதான் இன்னைக்கி ஆறு மணிக்கு நாம ரெண்டு பேரும் அமுக்கக் கூடாது. சும்மா கையை வச்சுக்கிட்டு இருக்கணும். வந்தா, அது அங்கேயிருந்துதான் வரணும்.”

கனி மாட்டேன் என்றாள். எதற்குச் சோதிக்க வேண்டும்? உருண்டை இறங்கட்டும். அவர்களே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். இருந்தால் கூட்டி வருவார்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லப் போகிறார்கள். நாளைக்கு இரண்டு கையும் இறுகினால் போதும். யார் அமுக்கினால் என்ன?

“நாலு பேரு இறங்குதாங்கக்கா. அந்த நாலு பேருக்கும் வீட்டுல யாராவது இப்படி மணிக்கட்டைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாங்கல்லா” என்றாள் ஜெசிந்தா.

கனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல. இடது கையை மேசைக் கண்ணாடிமேல் நீட்டினாள். ஜெசிந்தாவும் அப்படியே செய்தாள். இரண்டு காப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

சுவர்க் கடிகாரம் ஆறைத் தொட்டது. ஒன்றுமில்லை. ஆறு ஒன்று. ஒன்றுமில்லை. கனியின் உதடுகள் மட்டும் முருகா முருகா என்று அசைந்தன. ஆறு இரண்டு. ஜெசிந்தாவின் விரல்கள் தாமாகவே காப்பை நோக்கிப் போகப் பார்த்தன. அவள் தொடையை நன்றாக அழுத்தி உட்கார்ந்தாள். பதில் இல்லாமல் இருப்பதைவிடக் கேள்வி கேட்காமல் இருப்பது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

ஆறு மூன்றுக்கு இரண்டு காப்புகளும் ஒரே நேரத்தில் இறுகின. ஒரே ஒரு நீண்ட, கனத்த பிடி.

கனி வாயைப் பொத்திக்கொண்டாள். அது யாருடையது என்று இப்போது அவளுக்கே தெரிந்தது. பதினைந்து வருடமாக அவள் குடித்தனம் நடத்திய கை அது. கண்ணீர் அவள் விரல்களுக்கிடையில் வழிந்தது. ஆனால் அவள் ஜெசிந்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 

அரை நிமிடம் போனது.

இரண்டு. ஒரு மூச்சு. ஒன்று.

இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அழுத அழுகையில் மேசையிலிருந்த இடுக்கி கீழே விழுந்து எங்கோ தெறித்தது. “இருக்காவ. ரெண்டு பேரும் இருக்காவட்டி” என்று கனி திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலுகாலைப் பற்றி வெளியே மூச்சுவிடத் தேவையில்லை என்றும் சொன்னாள். மறுநாள் அதிகாரி வந்தார், கருவியைப் பொருத்தினார், காப்புகள் இறுகின. உயிரோடு இருப்பவர்கள் இருவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உருண்டை இறங்கி ஏற நான்கு நாள் ஆயிற்று. நான்காம் நாள் நண்பகலில் கப்பலிலிருந்து வந்த முதல் செய்தி சின்னதாக இருந்தது. ஒருவர் உயிருடன் மீட்பு, மயக்கத்தில் இருக்கிறார். கதவு திடீரென அறைந்து மூடியதில் மீட்பு வீரர் ஒருவர் இரண்டு விரல்களை இழந்தார். பெயரைச் சரிபார்த்துப் பிறகு அறிவிப்போம்.

திரவியம் அதை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். இரண்டு பெண்களும் வீட்டுக்குப் போகவில்லை. மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து நுண்ணோக்கியில் குனிந்து வேலை பார்த்தார்கள். அன்று அவர்கள் வெட்டிய இரட்டைகளில் பாதி வீண். ஒருவர் மற்றவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என்ன பேசினாலும் அது மற்றவளின் புருசன் சாகட்டும் என்பது போல ஆகிவிடும்.

ஆறு மணி ஆனது. கையை நீட்டினார்கள்.

ஆறு ஏழுக்கு, மிகவும் பலவீனமாக, காப்புகள் இறுகின. ஒரே ஒரு நீண்ட பிடி.

ஜெசிந்தா காத்திருந்தாள். கனியும் காத்திருந்தாள். இதற்குமுன் எந்தப் பிடிக்கும் கனி அப்படிக் காத்திருந்ததில்லை. ஏழு மணிக்கு வாட்ச்மேன் வந்து விளக்கைப் போட்டபோதும் இரண்டு கைகளும் கண்ணாடிமேல் அப்படியே கிடந்தன.

பத்து நாள் கழித்து ஜெசிந்தா மருத்துவமனைக்குப் போனாள். செந்தூர்பாண்டி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கனி கட்டிலின் அந்தப்புறம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தாலும் கை மட்டும் அதே பெரிய கை. அவர் அவளைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். பேசத் தெரியாத மனிதர். வார்த்தை வார்த்தையாக வந்தது.

“எங்களுக்கு மொத வாரமே தெரியும் தங்கச்சி.”

“என்ன அண்ணாச்சி தெரியும்?”

“ஆறு மணிக்கு நானும் அவனும் பக்கத்துல பக்கத்துலதான் ஒக்காருவோம். அவனுக்கு வந்தா எனக்கும் இறுகும், எனக்கு வந்தா அவனுக்கும் இறுகும். அவன் ஒரே சிரிப்பு. எம் பொண்டாட்டி ஏதோ திருட்டுத்தனம் பண்ணியிருக்கா அண்ணாச்சி, வெளிய சொல்லிராதீங்க, வேலை போயிரும்னான். நீ அமுக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவேன். இவ அமுக்கும்போது அவன் திரும்பிக்கிடுவான்.”

கனியின் கையில் ஆரஞ்சு நின்றுவிட்டது.

சரிவில் ராய்ஸ்டனுக்கு இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டதாம். மூன்றாவது நாள்வரை உயிரோடு இருந்தான். அன்று ஆறு மணிக்குப் பிடியைக் கொடுத்துவிட்டு, இனிமேல் உங்கள் காப்பிலேயே அவளுக்கும் சேர்த்து அமுக்கிவிடுங்கள், அதுதான் போய்ச் சேருமே என்று சொன்னான். தாளத்தையும் இவர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தான். நீளமாகப் பிடிக்க வேண்டாம் அண்ணாச்சி, மெதுவாக, கேட்பது மாதிரி என்றான். ஏழாம் நாள் தண்ணீர் கசிந்தது. இவர் உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். ராய்ஸ்டன் வெளியறையிலேயே இருந்தான், கையில் காப்போடு.

“ஒரு நாள் மேலயிருந்து ஒண்ணுமே வரல” என்றார் செந்தூர்பாண்டி. “ஆறு மணி தாண்டியாச்சு. விட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன். இருந்தாலும் அமுக்குனேன். ரெண்டையும்.”

அந்த நாள் எது என்று இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “ஒருத்தனுக்காக இறங்கமாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்லா தங்கச்சி. அவனுக்குக் குடுத்த வாக்குக்காக அமுக்குனேனா, எம் உசிருக்காக அமுக்குனேனான்னு இங்க வந்த நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அடுத்தவரு ரெண்டு விரலு போயிருக்கு. சத்தியமா தெரியல. மேல வந்து, கப்பல்ல கண்ணு முழிச்சா, வட்ட சன்னல் வழியா வானம் தெரியுது. அப்புறம் அவன் பிடியை அமுக்கக் கை வரல.”

ஜெசிந்தா எழுந்து அவர் கையைப் பிடித்தாள். சரிவின் நான்காம் நாளிலிருந்து அவளை உயிரோடு வைத்திருந்த கை. அது அவளுக்குச் சொன்ன பொய்யும், அவள் கனிக்குச் சொன்ன பொய்யும் ஒரே துகளில் முளைத்தவை என்று நினைத்துக்கொண்டாள். ஏசவும் தோன்றவில்லை, நன்றி சொல்லவும் தோன்றவில்லை.

கிளம்பும்போது கனி வராந்தாவரை கூட வந்தாள். தன் மணிக்கட்டிலிருந்த காப்பைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்.

“நான் வேணா தினம் ஆறு மணிக்கு அமுக்கட்டுமாட்டி? அவன் மாதிரியே. எனக்குத்தான் நல்லா வருமே.”

ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் சரி என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது. பிறகு கையை நீட்டினாள்.

“வேண்டாம்க்கா. ஒங்க காப்பையும் அண்ணாச்சி காப்பையும் எங்கிட்டக் குடுத்துருங்க.”

திரும்பி வரும் காப்புகளை அழிப்பதும் இணைமேசை வேலைதான். அடுத்த திங்கட்கிழமை, எல்லாரும் கிளம்பியபின், ஜெசிந்தா இரண்டு குமிழ்களையும் உடைத்து, இடுக்கியால் சுருள்களை எடுத்து, ஒவ்வொன்றாக அமிலக் கிண்ணத்தில் விட்டாள். கால் துகள் நிக்கல் பச்சையாகக் கரைந்து கலைந்தது. கரிநூல்கள் மட்டும் மிதந்தன, முன்போலவே சுருண்டு, இனி யாருக்கும் எதுவும் சொல்ல முடியாமல்.

இப்போது அந்தத் துகளின் நான்கு கால்களில் இரண்டுதான் மிச்சம். ஒன்று அவள் கையில். இன்னொன்று ஐந்து கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில், அடைத்த கதவுக்கு அந்தப்புறம், ஒரு மணிக்கட்டில். நடுவில் யாரும் இல்லை. அது முதன்முறையாக, விதிப்படி, ஓர் இரட்டை.

கடிகாரம் ஆறைத் தொட்டது. அவள் காப்பின் மேல் விரலை வைத்தாள். இரண்டு. ஒரு மூச்சு. ஒன்று.

அங்கே, சூரியனை அறியாத இருட்டில், ஒரு கை இந்நேரம் பிடிக்கப்பட்டிருக்கும். இத்தனை நாளும் அவன்தான் கேட்டான், இருக்கிறாயா, இருக்கிறாயா என்று. இன்றைக்கு அவள் கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நீண்ட பிடியை, சுருள் களைத்து மரத்துப்போகும்வரை, விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.